செத்த கரி

தேர்வு ஹாலில் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்ற பெண்ணிடம் தாளை நீட்டிவிட்டு முனீஸ்வரி தன் நாற்காலிக்குத் திரும்பப் போனாள். "மேடம்," என்று அந்தப் பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். "இதுல கறை இருக்கு மேடம். வேற குடுங்க. நான்தான் அடையாளம் வெச்சிருக்கேன்னு சொல்லிருவாங்க." வெள்ளைத் தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, பத்திர ஆபீஸில் மை தொட்டு வைத்த மாதிரி, கோடு கோடாக, கறுப்பாக. முனீஸ்வரி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கரி. வேறு தாளை இடது கையால் எடுத்துக் கொடுத்தாள், அந்தப் பெண் நன்றி சொன்னாளா முறைத்தாளா என்று கவனிக்கவில்லை, நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுகூட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. விரலில் கரி இருக்கக் கூடாது. இடுக்கியால் எடுத்திருந்தால் விரலில் எப்படிக் கரி வரும்?

அது அடுப்புக் கரி இல்லை. ஆய்வகத்தில் அவளே தயாரித்த கரி. நுண்ணிய கார்பன் தூளின்மேல் பல்லேடியம் என்கிற விலையுயர்ந்த உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டவைத்திருப்பாள். பார்த்தால் கண்மை உதிர்ந்த மாதிரி இருக்கும். அதன்மேல் பார்மிக் அமிலத்தை, எறும்பு கடித்தால் சுருக்கென்று ஏறுமே அந்த அமிலத்தைத்தான், சொட்டுச் சொட்டாக விட்டால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்பும். சிலிண்டரில் அடைத்துப் பயந்து பயந்து தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம், திரவமாகக் கேனில் கொண்டுபோய் வேண்டுகிற இடத்தில் கரியைக் காட்டி வாயுவை வாங்கிக்கொள்ளலாம், வண்டி ஓட்டலாம், விளக்கெரிக்கலாம் என்று அவளுடைய ஆய்வின் முன்னுரையில் எழுதியிருக்கிறாள். முன்னுரையில் எல்லோரும் தைரியசாலிகள்தான். ஆய்வகத்துக்குள் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சட்டம்: வேலை முடித்த கரி காயக் கூடாது. வயிற்றில் ஹைட்ரஜனை வைத்துக்கொண்டிருக்கும் கரி அது. வடிகட்டின தாளோடு ஈரம் காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே கனலும், தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம், கெட்ட எண்ணம்கூட வேண்டாம். அதனால்தான் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அகன்ற வாய் பாட்டில் ஒன்றில் எப்போதும் தண்ணீர் நிற்கும். வடிதாளை இடுக்கியால் ஓரம் பிடித்துத் தூக்கி, நேராக அந்தத் தண்ணீருக்குள். கையால் தொட மாட்டார்கள். கையால் எடுப்பது சும்மா வெறும் தாளை, துடைத்த காகிதத்தை, குப்பைத் தொட்டியில் போடுகிறதை.

போட்டேனா? எதில் போட்டேன்? காலையில் நடந்ததை முனீஸ்வரி முதலிலிருந்து பிடித்துப் பார்த்தாள். கரி வேலை செய்யவில்லை. நேற்று வரை குமிழைக் கொட்டிய கரி இன்று அமிலத்துக்குள் கல் மாதிரி கிடந்தது. ஏதோ ஒரு மூலையில் கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டிக்கொண்டு பல்லேடியத்தின் மூக்கை அடைத்திருக்கும். வடிகட்டினாள். மெத்தனால் விட்டுக் கழுவினால் பிழைக்குமா என்று பார்க்கலாமென்று மெத்தனாலும் விட்டாள். பம்பு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அப்போது போன் வந்தது, ஹாலுக்கு வர வேண்டியவர் வரவில்லை, வரலாற்றுத் தேர்வு, நீங்கதான் மாத்து ஆளு, உடனே வாங்க. பம்பை அணைத்தாள். புனலுக்குள் கரி வட்டமாக, அப்பளம் மாதிரி படிந்திருந்தது. அதைப் பார்த்து அவள் மனசுக்குள் ஒரு வார்த்தை சொன்னாள், அது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது: செத்த கரிதானே. அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது மாடிப்படி. செத்த கரிக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒன்றுமில்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. அங்கே ஒரு தாளை எடுத்த கை இருக்க வேண்டும், அந்தக் கை எங்கே போனது என்று பார்த்தால் காணோம். உடனே இன்னொரு காட்சி தானாக வந்து நின்றது: இடுக்கியில் வடிதாள் ஆடுகிறது, தண்ணீரைத் தொடுகிறது, கறுப்பு மேகமாக விரிந்து இறங்குகிறது. அப்பாடா, போட்டிருக்கிறேன். ஆனால் அது இன்றைக்கா? எத்தனையோ நாள் போட்டிருக்கிறாளே. அந்தக் காட்சியில் ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது, காலையில் அந்த ஜன்னலில் வெயில் வராது. அப்படியானால் இது ஏதோ ஒரு சாயங்காலம். துப்பட்டா என்ன நிறம் என்று பார்க்கலாம், இன்று போட்டிருப்பது கடுகு நிறம். ஆனால் மேல்கோட்டுக்குள் துப்பட்டா எங்கே தெரியும்? கோட்டின் கை வெள்ளைதான், என்றைக்கும் வெள்ளைதான். ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் வேலை பார்த்ததற்குத்தான் இவ்வளவு நாளும் வழிகாட்டிப் பேராசிரியர் இருதயராஜ் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார். செத்த கரிதானே என்று சொன்னதுதான் தப்பு, அமிலத்துக்குத்தான் அது செத்தது, நெருப்புக்குச் செத்துப்போனதாக யார் சொன்னார்கள், மெத்தனால் வேறு விட்டிருக்கிறாள், தண்ணீர் என்றால் மெதுவாகக் காயும், மெத்தனால் ஊதினால் காய்ந்துவிடும்.

ஹாலில் மின்விசிறிகள் கிறீச்சிட்டன. பேனாக்கள் ஓடும் சத்தம். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தலையைச் சொறிந்துகொண்டு சுவரிலே பதில் இருக்கிற மாதிரி பார்த்தான். முனீஸ்வரி எழுந்து நடந்தாள். நடப்பது கண்காணிப்பாளருக்கு அழகு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன் இருந்தால் நூருல் ஹுதாவைக் கூப்பிட்டு ஒரே நிமிஷத்தில் கேட்டுவிடலாம், பக்கத்து மேசைக்காரி, அவளும் இதே கரியோடுதான் மாரடிக்கிறாள். ஆனால் போனைக் கட்டுப்பாட்டு அறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நூருலும் இன்று நூலகத்துக்குப் போகிறேன் என்றாள். ஆய்வகத்தில் யாரும் இல்லை, அப்படியானால் யாருக்கும் ஆபத்தும் இல்லை. இல்லையா? கால்கள் நின்றன. பஞ்சவர்ணம் அக்கா. காபி நேரம் முடிந்ததும் பஞ்சவர்ணம் அக்கா கூட்ட வருவாள், குத்தகைக்காரர் வைத்த ஆள், மூன்று மாடிக்கும் அவள்தான். குப்பைப் பை அளந்து கொடுப்பார்கள் என்பதால் எல்லாத் தொட்டிக் குப்பையையும் ஒரே பையில் கொட்டி, கொள்ளாவிட்டால் உள்ளங்கையால் அமுக்கு அமுக்கென்று அமுக்கிக் கட்டுவாள். அந்த உள்ளங்கையை முனீஸ்வரி பார்த்திருக்கிறாள். போன தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்த கை. கையுறை கொடுத்திருக்கிறார்கள், அது மேலிடத்திலிருந்து பார்வையிடக் குழு வரும் அன்றைக்கு மட்டும் வெளியே வரும். அந்தக் கை இப்போது குப்பைக்குள் இறங்குகிறது, துடைத்த காகிதங்களுக்கு நடுவே, அமுக்குகிறது. போய்விடலாமா? ஹாலில் இவள் ஒருத்திதான். விட்டுவிட்டுப் போனால் தேர்வே செல்லாது என்பார்கள். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம். என்ன சொல்வது? குப்பைத் தொட்டியில் தீ வைத்துவிட்டு வந்திருக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றா?

அதுதான் அவளுடைய கஷ்டம். இந்தப் பயத்தை அவளால் நம்ப முடியவில்லை. சாத்தூர்ப் பக்கம் அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள், அந்த ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் மேசை நாற்காலி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வந்ததும் அம்மா வாசலிலேயே நின்று சேலையை உதறுவாள், கொல்லைப் பக்கமாகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வாள், அதுவரை பிள்ளையைத் தொட மாட்டாள், அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மருந்துத்தூள் ஒரு துளி மடிப்பில் இருந்தாலும் போதும். குளித்துவிட்டு வந்த பிறகும் சேலையைக் காட்டி, "பாருடி, ஒண்ணும் இல்லைல? நல்லாப் பாரு," என்பாள். சின்னப்பிள்ளை முனீஸ்வரி மடிப்பு மடிப்பாகப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வாள். பத்து நிமிஷம் கழித்து அம்மா மறுபடியும் கேட்பாள். "நீ எங்க வேணா போ, எந்த வேலைக்கு வேணா போ, தீ இல்லாத வேலையாப் பாத்துப் போ," என்று அனுப்பிவைத்தாள். மகள் போய்ச் சேர்ந்தது ஹைட்ரஜனுக்கு. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. ஏதோ தண்ணியில குமிழ் விடுற வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள். வேலைதான் மாறியது, அம்மாவின் கேள்வி கூடவே வந்துவிட்டது. விடுதி அறையைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், படியிறங்கித் திரும்பி ஏறி இழுத்துப் பார்ப்பாள், நாதாங்கியே ஆடிப்போய்விட்டது. பூட்டு முனீஸ் என்று பெயர் வைத்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் ஓடி, காவலாளியைத் திறக்கச் சொல்லி, ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்தால் வடிதாள் பாட்டிலில் சமர்த்தாக முங்கிக் கிடந்தது. பின்னாலேயே ஓடிவந்த நூருல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தீ ஒம் மண்டைக்குள்ளதான்டி இருக்கு." விஷயம் பேராசிரியர் காதுக்குப் போனது. அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். "உங்க கையை நீங்களே நம்பலைன்னா ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா," என்றார். அன்றைக்குச் சபதம் எடுத்தாள், இனிமேல் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. பயம் வந்தால் வரட்டும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் தானாகப் போய்விடும். போயிருக்கிறது, நிறையத் தடவை போயிருக்கிறது. இதுவும் அதே பயம்தான், அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் விரலில் கரி? புனலைக் கழற்றும்போது ஒட்டியிருக்கும். ஒட்டியிருக்கலாம். விரலைத் துப்பட்டாவில் தேய்த்தாள். கடுகு நிறத்தில் கறுப்புத் தீற்றல் விழுந்தது, விரலில் ரேகை மட்டும் போகவில்லை.

காலணிச் சத்தம் கேட்டது. தலைமைக் கண்காணிப்பாளர் அம்மாள், வணிகவியல் துறைக்காரர், கண்ணாடியை மூக்குநுனியில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "எல்லாம் சரியா இருக்கா?" என்றார். இதுதான் தருணம் என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது. மேடம், லேபில் ஒரு தாள், ஒருத்தர் போய்ப் பார்த்தால் போதும். தொண்டை வரை வந்தது. அதே தொண்டையில் சுடலைமுத்து அண்ணனும் வந்து நின்றான். அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன், பாளையங்கோட்டைக்காரன், வடிதாளைக் காயவிட்டு மேசையைக் கருக்கினவன். யாருக்கும் அடிபடவில்லை, ஒரு மேசைதான். ஆனாலும் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேராசிரியர் சொன்னார், "இனி என் லேபில யார் கையால தீப்பிடிச்சாலும் அவங்க என்கிட்ட பிஎச்டி பண்ண முடியாது. யாரா இருந்தாலும் சரி." சுடலைமுத்து இப்போது ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தனிம அட்டவணை நடத்துகிறான், போன் செய்தால் எடுப்பதில்லை. முனீஸ்வரிக்கு ஆய்வேடு முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. தீ இல்லையென்றால் பூட்டு முனீஸ், தீ இருந்தால் சுடலைமுத்து. இரண்டில் எதுவாக ஆவது? "சரியா இருக்கு மேடம்," என்றாள். அவர் போய்விட்டார். காலணிச் சத்தம் தேயத் தேய முனீஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அந்த அம்மாள் பின்னாலேயே ஓடலாம் என்று இரண்டடி வைத்தாள், முதல் வரிசைப் பெண் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டாள். பிறகு தண்ணீர்க்காரர் வாளியோடு வந்தார். அண்ணே, கெமிஸ்ட்ரி மாடி வரைக்கும் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்கண்ணே. எவ்வளவு சின்ன வாக்கியம். "எனக்கும் ஒரு டம்ளர் குடுங்கண்ணே," என்றாள். குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது பாட்டிலுக்குள் விரியும் கறுப்பு மேகம் மறுபடி வந்தது, அது எந்த நாளென்று மறுபடி பார்த்தாள், மறுபடி வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருந்தது.

அரைமணி பாக்கி என்பதற்கு மணி அடித்தார்கள். அது தீ மணி என்றே அவள் உடம்பு எடுத்துக்கொண்டது, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள், பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று பார்க்க, "அரைமணிதான் இருக்கு, வேகமா எழுதுங்க," என்று சமாளித்தாள். அப்புறம் புகை வாசனை வந்தது. நிஜமாகவே வந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தோட்டக்காரர் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தார், புகை வேதியியல் கட்டடத்தின் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து ஏதாவது வந்தாலும் இதோடு கலந்து யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாது. முனீஸ்வரி அந்த நிம்மதியைக் கண்டு மிரண்டுபோனாள். பஞ்சவர்ணம் அக்காவின் கைக்காக இவ்வளவு நேரம் பயந்தேன் என்று நினைத்திருந்தாளே, யாருக்காகப் பயந்தாள்? ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே திரும்பினால் அத்தனை தலைகளும் குனிந்திருந்தன, யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கடைசி மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கினாள், பதிவெண் வரிசைப்படி அடுக்கினாள், இரண்டு தடவை வரிசை குலைந்தது, ஒரு தாள் குறைகிறது என்று பதறித் தேடினால் அவளே அதைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கட்டுப்பாட்டு அறையில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுப் போனை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. நூருலிடமிருந்து ஒரு செய்தி, மத்தியானம் மெஸ்ஸில் கத்தரிக்காயாம், வெளியே சாப்பிடலாமா என்று. அவ்வளவுதான். தீப்பிடித்திருந்தால் இந்நேரம் போன் கொதித்திருக்காதா? முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பூட்டு முனீஸ், பூட்டு முனீஸ் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஓடக் கூடாது, இன்றைக்குத்தான் சபதத்தில் ஜெயித்திருக்கிறாள், ஓடினால் எல்லாம் வீண். வேண்டுமென்றே கேன்டீனில் நின்று ஒரு டீ குடித்தாள். வெயில் நன்றாக இருந்தது, டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், சருகுப் புகை அடங்கியிருந்தது. உலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு மெதுவாக, ஒவ்வொரு படியாக, மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

ஆய்வகத்துத் தரையெல்லாம் தண்ணீர். துடைப்பத் தண்ணீர், பினாயில் வாசனை, அதற்குள்ளே கருகிய பிளாஸ்டிக் வாசனை. குப்பைத் தொட்டி உருகி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கழுவும் தொட்டியடியில், கதவுக்குப் பின்னால், பஞ்சவர்ணம் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை ஈர முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முனீஸ்வரியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"தாயி, சார்கிட்ட சொல்லிராத தாயி," என்றாள். "நான் வேணும்னு பண்ணல."

முனீஸ்வரி பக்கத்தில் மண்டியிட்டு முந்தானையை மெல்ல விலக்கினாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, விரலடியில் தோல் கொப்பளித்து, நடுவில் வெளுத்துப் போயிருந்தது. பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடினாலும் தெரிந்தது.

"குப்பைய அமுக்குனேன், பொசுக்குன்னு பிடிச்சிருச்சு. கைய எடுக்குறதுக்குள்ள பை ஒட்டிக்கிச்சு. வாளித் தண்ணிய அப்படியே கவுத்துட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல, படிக்கிட்ட இருக்க சாமி படத்துக்குப் பத்தி ஏத்துனேன் பாத்துக்க. சார் ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, தெரியாம ஏத்திப்புட்டு, யாரோ வர்ற சத்தம் கேட்டுச்சா, குச்சிய அணைச்சுக் குப்பையில போட்டேன். அணைச்சுத்தான் போட்டேன்னு நெனைக்கிறேன். ஆனா அணைச்சேனா இல்லையான்னு நெனப்பே வரமாட்டேங்குது தாயி. அப்ப இருந்து ஒக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். கையத் தூக்குனது தெரியுது, போட்டது தெரியுது, அணைச்சது மட்டும் தெரியல."

ஊதுபத்தியாகவும் இருக்கலாம் இல்லையா? இருக்கலாம் என்று முனீஸ்வரிக்குள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்று வாதாடியது, நல்ல வக்கீல் மாதிரி, யாருக்கும் நிச்சயமில்லை, உனக்கும் ஞாபகமில்லை, அவளுக்கும் ஞாபகமில்லை, அவளே தன்மேல் போட்டுக்கொள்கிறாள், நீ ஒன்றும் சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும். முனீஸ்வரி எழுந்து போய்க் கோணின தொட்டிக்குள் பார்த்தாள். நனைந்த குப்பைக்கு மேலாகவே கிடந்தது வடிதாள். ஓரம் வெள்ளையாக அப்படியே இருக்க, கரி இருந்த நடுப்பகுதி மட்டும் வட்டமாக எரிந்து ஓட்டையாகியிருந்தது. அதிலிருந்துதான் தீ வெளியே போயிருக்கிறது. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஊதுபத்திக் குச்சி. நுனி நசுங்கிக் கறுத்து அணைந்திருந்தது. இன்னும் முக்கால் குச்சி எரியாமல் மிச்சமிருந்தது, மணம்கூடப் போகவில்லை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, தீ ஒங்களால இல்ல. என்னால. இந்தத் தாளை நான் தண்ணியில போட்டிருக்கணும், குப்பையில போட்டுட்டுப் போயிட்டேன்."

பஞ்சவர்ணம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு அந்த வலியிலும் முகம் இளகியது. "எனக்காகவா பொய் சொல்ற? வேணாம் ஆத்தா. காயிதம் எப்படித் தானா எரியும்? நீ படிக்கிற பிள்ளை."

படியில் செருப்புச் சத்தம். பேராசிரியர் இருதயராஜின் நடை, அவள் கனவில்கூடத் தெரிந்துகொள்வாள். வாசலில் வந்து நின்று தரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "என்ன இது?" என்றார். பஞ்சவர்ணம் நல்ல கையை ஊன்றி எழுந்து, "சார், நாந்தான்," என்று ஆரம்பித்தாள். முனீஸ்வரிக்குத் தன் குரலே அடுத்த அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. "இல்ல சார். பல்லேடியம் சார். மெத்தனால் விட்ட வடிதாளைக் கையால எடுத்துக் குப்பையில போட்டேன். ஹால்ல இருக்கும்போதே சந்தேகம் வந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. அக்கா கை வெந்துபோச்சு சார். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." அவர் குனிந்து வடிதாளைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார். வழியை விட்டு விலகி நின்றார். அந்த விலகலில் முனீஸ்வரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழுகை வந்தது, நிறுத்திக்கொள்ள முயற்சி செய்யவில்லை.

ஆட்டோவில் பஞ்சவர்ணம் கையை ஈரத்துணிமேல் வைத்துக்கொண்டு அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குண்டுகுழிக்கும் பல்லைக் கடித்தாள். "ஏன் தாயி இப்படிப் பண்ணிட்ட? ஒன் படிப்பு போச்சே. நீ நல்லா இருக்கணும், ஒன் குலம் நல்லா இருக்கணும்," என்று நல்ல கையால் முனீஸ்வரியின் கன்னத்தைத் தடவினாள். நிஜத்தைத்தான் சொன்னேன் அக்கா என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. முனீஸ்வரி வெளியே பார்த்தாள். கடைகள் போயின, பேருந்து நிறுத்தம் போனது. பிறகு பஞ்சவர்ணம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி முணுமுணுத்தாள், "அணைச்சுத்தான் போட்டேன்னு நெனைக்கிறேன். சேலையில தேய்ச்சு அணைச்ச மாதிரி இருக்கு. அது போன வெள்ளிக்கெழமையோ என்னவோ."

முனீஸ்வரி சட்டென்று திரும்பினாள். அந்தக் குரல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள்.

"அணைச்சீங்கக்கா," என்றாள். "குச்சிய நான் பாத்தேன். நுனி நசுங்கி அணைஞ்சிருந்துச்சு. முக்காக் குச்சி எரியாம அப்படியே இருந்துச்சு."

"பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

பஞ்சவர்ணம் நீளமாக மூச்சு விட்டாள், தலையை முனீஸ்வரியின் தோளில் சாய்த்தாள். ஆட்டோ பாலத்தில் ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மறுபடியும் கேட்டாள்.

"நெசமாவே அணைஞ்சிருந்துச்சா தாயி?"

"நெசமாவே அணைஞ்சிருந்துச்சுக்கா," என்று முனீஸ்வரி அவள் நல்ல கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.